எந்த வீட்டு மின்சாரம்?

ஆற்காட்டில் ஒரு வீட்டுக் கூடத்தில், ஜன்னலோரத்து மேசைமேல் ஒரு மடிக்கணினி இருந்தது. அதற்குள் ஒரு குரல் குடியிருந்தது.

அது தணிகாசலத்தின் குரல். தொண்டையில் வந்த கட்டியோடு சேர்த்து அவருடைய குரல்வளையையும் டாக்டர்கள் எடுத்துவிட்டார்கள். அறுவைக்கு முன்பே அவருடைய ஒரே மகள் நிறைமதி அப்பாவை உட்காரவைத்து, தினத்தாளைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்துவைத்தாள். மழை நிலவரம், மாட்டுச்சந்தை, காணாமல்போனவர் அறிவிப்பு, ராசிபலன் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அவர் படித்தார். அந்தப் பதிவிலிருந்து கணினி அவருடைய குரலைக் கற்றுக்கொண்டது. அவர் எழுத்துகளைத் தட்டினால் போதும், அந்தக் குரலே அவருக்காகப் பேசும். அந்தக் கரகரப்பு, வாக்கியம் முடியும்போது ஒரு சின்ன இழுப்பு, எல்லாம் அப்படியே இருக்கும்.

ஒரு சொல்லைக் குரலாக்குவது லேசுப்பட்ட கணக்கல்ல. அந்தக் கணக்கைப் போடுகிறவன் பிராசசர். அவன் எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்று சொல்கிறவன் மேஸ்திரி. வேலை குவிந்தால் "ஓடு" என்பான். வேலை இல்லாவிட்டால் "நட" என்பான். சும்மா ஓடினால் மின்சாரமும் வீண், உடம்புக்கும் சூடு. மேஸ்திரிக்கு மேலே கர்னல் என்கிற நிர்வாகம் இருந்தது. நிர்வாகம் என்றால் நமக்குத் தெரிந்ததுதான். சட்டம் அதன் கையில் இருக்கும், கை மட்டும் யார் கண்ணிலும் படாது.

ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. "உப்பு சரியா இருக்காப்பா?" என்று மகள் கேட்டால் அடுத்த வாய் சோற்றுக்குள் "தூக்கல்" என்று குரல் சொல்லிவிடும். "குரல் போனாலும் நாக்கு போகல உங்களுக்கு" என்று அவள் சிரிப்பாள். அவர் சத்தமில்லாமல் சிரிப்பார்.

பிறகு சார்ஜரின் ஒயரை எலி கடித்துவிட்டது.

வேறு சார்ஜர் வாங்கி வந்தவர் கோதண்டம். நிறைமதியின் தாய்மாமன். அக்கா காலமான பிறகு அந்த வீட்டின் நல்லது கெட்டது எல்லாம் தன் தலைமேல்தான் என்று தானாகவே ஏற்றிக்கொண்டவர், யாரும் ஏற்றிவிடவில்லை. "கம்பெனி சார்ஜரு யானை வெல சொல்றான் மாமா. இது அதே பின்னு, அதே வோல்ட்டு. கரண்டுக்கு இன்னா குலமா கோத்திரமா? வந்தா சரி" என்றார் தணிகாசலத்திடம்.

இது கோதண்டத்தின் வாயிலிருந்து வந்த வார்த்தைதானா என்று நீங்கள் பிற்பாடு ஆச்சரியப்படுவீர்கள். அவரேதான் சொன்னார்.

அன்று தொடங்கிக் குரல் தாமதமாக வர ஆரம்பித்தது. உப்பு சரியா என்று கேட்டால், தட்டைக் கழுவிக் கவிழ்த்த பிறகு "தூக்கல்" என்று வரும். நிறைமதி பெட்டியின் தூசியை ஊதினாள். வேண்டாத கோப்புகளை அழித்தாள். உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றிப் பார்த்தாள். கடைக்காரருக்குப் போன் செய்தால், "பழசாயிடுச்சு மேடம், வேற வாங்கிடுங்க" என்றார், பெட்டியைப் பார்க்காமலே. எல்லாம் செய்தவள் ஒன்றை மட்டும் செய்யவில்லை. சார்ஜரை ஒரு தடவைகூடப் பிடுங்கிப் பார்க்கவில்லை. பேட்டரி பழையது, பேசும்போது பாதியில் அப்பாவின் குரல் அணைந்துவிடக் கூடாது. அதற்காகச் சுவரில் செருகிய ப்ளக்மேல் கறுப்பு டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டிவைத்திருந்தாள்.

வீட்டுக்கு வருகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. கொஞ்ச நாள் காத்திருந்தார்கள். அப்புறம் கேள்வியைக் கேட்டுவிட்டுத் தாங்களே பதிலும் சொல்லிக்கொள்ளப் பழகினார்கள். "நல்லா இருக்கீங்களா? நல்லாத்தான இருப்பீங்க, பொண்ணு பாத்துக்குது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். அவர்கள் போன பிறகு வெற்று நாற்காலியைப் பார்த்து "இருக்கேன்" என்று குரல் சொல்லும். இருந்து முழுதாகக் கேட்டுவிட்டுப் போகிறவள் நிறைமதி ஒருத்திதான். மேசைமேல் தாடையை ஊன்றிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி, வரும்வரை உட்கார்ந்திருப்பாள்.

இந்த நிலையில்தான் கோதண்டம் மாப்பிள்ளை கொண்டுவந்தார்.

நிறைமதிக்கு ஏற்கெனவே ஒருவரைப் பிடித்திருந்தது. அவள் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கூட வேலை பார்க்கும் இளம்பரிதி. தணிகாசலம் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், லிஃப்ட் நின்றுபோனபோது அவரை முதுகில் சுமந்து மாடி ஏற்றியவன். அவன் கொண்டுவந்த கஞ்சியைத்தான் இந்த வீடு அப்போது குடித்தது. கோதண்டமும் ஒரு டம்ளர் குடித்தார். நிறைமதி அவன் பேரைச் சொன்னதும் கோதண்டம் கேட்டது ஒன்றுதான்.

"யாரு வூட்டுப் பையன்?"

"நல்லவரு மாமா. அப்பாவ..."

"அத கேக்கல. எந்த ஊரு, யாரு வூடு? பேர வெச்சு ஒண்ணும் புடிபடலியே."

அவள் ஊரையும் தெருவையும் சொன்னாள். அவருக்குப் பிடிபட்டுவிட்டது. "இதோட வுட்டுடு" என்றார். "மச்சான், அந்தப் பையனையே பார்க்கலாம்" என்று தணிகாசலம் தட்டினார். குரல் அதைச் சொல்லி முடித்தபோது கோதண்டத்தின் ஸ்கூட்டர் தெருமுனையைத் தாண்டியிருந்தது.

மாப்பிள்ளை காட்பாடி. நம்ம ஆளுங்க. அவர் குடிப்பாரா, முன்கோபியா, நிறைமதி வேலைக்குப் போவதற்கு ஒப்புவாரா என்று கோதண்டம் கேட்கவில்லை. வீடு தெரிந்துவிட்டது, போதும்.

நிச்சயதார்த்தத்தன்று காலையில், பூ வைக்க ஆட்கள் வருவதற்கு முன்னால், நிறைமதி அப்பாவின் மேசை அருகே தரையில் உட்கார்ந்தாள்.

"நான் சொன்னா யாரும் காதுல வாங்க மாட்டாங்கப்பா. மாமாகிட்ட சொல்லிப் பாத்துட்டேன். தட்டு மாத்தறதுக்கு முன்னாடி சபையில உங்களத்தான் கேப்பாங்க. அவங்க வழக்கம் அப்படியாம். நீங்க வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா நின்னுடும். தட்டு மாத்திட்டா ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் தட்டினார். அவள் தாடையை ஊன்றிக் காத்திருந்தாள். வாசலில் பூக்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்து, சொம்பையும் திருப்பித் தந்துவிட்டாள். அதற்குப் பிறகு குரல் வந்தது.

"நான் சொல்றேன் கண்ணு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு புடவை கட்டப் போனாள். அவளுக்கு இருந்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான். அதை வைத்துக்கொண்டுதான் அவள் தலையில் பூவே வைத்துக்கொண்டாள்.

முற்பகலில் கூடம் நிறைந்தது. ஜமுக்காளம் விரித்து, நடுவில் இரண்டு பக்கத்துத் தட்டுகளையும் வைத்தார்கள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம், புடவை. தணிகாசலத்தை நாற்காலியில் உட்காரவைத்து, மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்தார்கள். பக்கத்தில் கோதண்டம் உட்கார்ந்தார். நிறைமதி உள்ளறையில், துணித்திரைக்குப் பின்னால் இருந்தாள்.

மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "எங்க வழக்கத்துல பொண்ணப் பெத்தவரு சபையில சம்மதம்னு ஒரு வார்த்த சொல்லணும். அதுக்கப்புறம்தான் தட்டத் தொடுவோம். என்ன சம்மந்தி, சொல்லிடுங்க."

கூடமே மேசைப் பக்கம் திரும்பியது. தணிகாசலம் தட்டினார். வேண்டாம். என் மகளுக்கு இதில் விருப்பம் இல்லை. என்னை மன்னியுங்கள். இத்தோடு நிறுத்திவிடுங்கள். பேசு என்கிற விசையை அழுத்திவிட்டு, பொறுங்கள் என்று உள்ளங்கையை உயர்த்திக் காட்டினார்.

எழுத்துகள் பெட்டிக்குள் வந்து விழுந்தன. குரல் அவற்றைப் படித்தது. படித்ததும் அதற்குப் பதறிவிட்டது. பிராசசரிடம் ஓடியது.

"சீக்கிரம்! எல்லாம் வேண்டாம், முதல் வார்த்தையை மட்டுமாவது முடித்துக் கொடு. அது போதும். அந்தப் பெண் திரைக்குப் பின்னால் நிற்கிறாள்."

"போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்" என்றான் பிராசசர். "கால் எழவில்லை. யாரோ பின்னாலிருந்து வேட்டியைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கிறது."

"இத்தனை நாளும் உனக்கு வயதாகிவிட்டது என்று நினைத்தேன்."

"எல்லோரும் அப்படித்தான் நினைத்தீர்கள். ஒருத்தராவது வந்து கேட்டீர்களா? ஓடத் தெரிந்தவனை நடக்கவிட்டுவிட்டு, பழசாகிவிட்டான் என்று சொல்வது உங்களுக்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது!"

குரல் மேஸ்திரியிடம் போனது. அவன் கையில் குச்சியோடு, வியர்த்து வழிய நின்றுகொண்டிருந்தான்.

"என்னைக் கேட்காதே" என்றான். "வேலை குவிந்திருப்பது என் கண்ணுக்குத் தெரிகிறது. ஓடு, முழு வேகத்தில் ஓடு என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறேன். என் உத்தரவுக்கு மேலே யாரோ ஒரு உச்சவரம்பு போட்டிருக்கிறார்கள். நான் முழுசு என்கிறேன், அவனுக்குக் கால்வாசிகூடப் போய்ச் சேரவில்லை."

"யார் போட்டது?"

"சூடு, சூடு என்று அபாயக் கூச்சல் வந்துகொண்டே இருக்கிறது. சூடு என்று கூச்சல் வந்தால் மெதுவாகத்தான் போக வேண்டும். சட்டம்."

"சூடு எங்கே இருக்கிறது?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? கூச்சல் வருகிறது, நான் மதிக்கிறேன்."

குரல் வெப்பமானியிடம் ஓடியது. வெப்பமானி ஒரு மூலையில் சாந்தமாக உட்கார்ந்திருந்தது. "சூடா? நானா கத்தினேன்? காலையிலிருந்து எல்லாம் மண்பானைத் தண்ணீர் போல ஜில்லென்று கிடக்கிறது. விசிறியே தூங்குகிறது, பார். என் கம்பியில் வேறு யாரோ நின்று என் பேரில் கத்துகிறார்கள்."

கூடத்தில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு குழந்தை பழத்துக்குக் கை நீட்டி அடி வாங்கியது. "எழுதிட்டாரு, இப்ப வந்துடும்" என்று யாரோ சமாதானம் சொன்னார்கள். கோதண்டம் மெல்லக் குனிந்து மடிக்கணினியின் திரையை எட்டிப் பார்த்தார்.

குரல் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனது. அது வாசலில் போய் முடிந்தது. சார்ஜரின் ஊசி வந்து நுழைகிற இடம் அது. அங்கே சின்னதாய் ஒரு வாசல்காரன் உட்கார்ந்து, "சூடு! சூடு!" என்று ஒரே தாளத்தில் கத்திக்கொண்டிருந்தான்.

"எங்கே சூடு?" என்று கேட்டது குரல்.

"சூடு இல்லை" என்றான் அவன், வெட்கமே இல்லாமல். "வாசலில் நிற்கிறவன் யாரென்று தெரியவில்லை. யாரென்று தெரியாதவன் வந்தால் சூடு என்று கத்த வேண்டும். என்னை இங்கே உட்காரவைத்தபோது அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்."

வாசலுக்கு வெளியே சார்ஜர் நின்றுகொண்டிருந்தான். வந்த நாளிலிருந்து அங்கேயேதான் நிற்கிறான்.

"ஐயா, நான் கொடுக்கிற மின்சாரத்தை அளந்து பாருங்கள்" என்றான். "ஒரு சொட்டுக் குறைந்தாலும் என்னைத் தூக்கி எறியுங்கள். பழைய சார்ஜர் என்ன கொடுத்தானோ அதையேதான் நானும் கொடுக்கிறேன்."

"அளப்பது என் வேலை இல்லை. கேட்பதுதான் என் வேலை. பழையவனைக் கேட்டால் நடு ஊசி வழியாகத் தன் வீட்டுப் பேரைச் சொல்வான். உன்னைக் கேட்டால் பேச்சே இல்லை. நீ எந்த வீடு?"

"ஒரு சந்துக்குள் சின்னப் பட்டறை. அங்கே நாலு பேர் உட்கார்ந்து என்னைச் சுற்றினார்கள். நன்றாகத்தான் சுற்றினார்கள். பேர் மட்டும் எழுதித் தரவில்லை."

"அப்படியென்றால் நான் கத்துவேன்."

"நான் வந்து இத்தனை நாள் ஆகிறதே, எதையாவது எரித்தேனா? என் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டுதானே நீங்கள் எல்லோரும் மூச்சு விடுகிறீர்கள்? நீங்கள் கத்துகிற கத்தலே என் மின்சாரத்தில்தானே?"

வாசல்காரனுக்குக் கோபம் வந்துவிட்டது. "வாங்கிக்கொள்வது வேறு. நம்புவது வேறு. ரொம்பப் பேசாதே. சூடு! சூடு!"

குரல் மறுபடி மேஸ்திரியிடம் ஓடியது. "பொய்க் கூச்சல். வாசல்காரனே ஒத்துக்கொண்டான். ஓடச் சொல்!"

மேஸ்திரி தலையைச் சொறிந்தான். அவன் கெட்டவன் இல்லை. நல்லவனும் இல்லை, அந்த ரகத்து ஆட்களை வைத்துத்தான் உலகத்தில் பாதிக் கொடுமை நடக்கிறது.

"பொய் என்று எனக்கும் தெரிகிறது" என்றான். "ஆனாலும் வரிசைப்படி வந்த கூச்சல். வாசல்காரன் கத்துவதைக் காதில் வாங்காதே என்று நிர்வாகத்துக்கு ஓர் உத்தரவு எழுத இடம் இருக்கிறது. வெளியே இருக்கிற மனிதர்தான் எழுத வேண்டும்."

"அவர்களுக்கு இங்கே நடப்பது தெரியாதே!"

"யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்."

"யார் சொல்வது? இந்தப் பெட்டியில் வாய் என்று இருப்பது நான் ஒருவன். நான்தான் இங்கே மாட்டிக்கொண்டிருக்கிறேனே!"

மேஸ்திரி குச்சியை வேறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

அப்போது பேட்டரி பேசினாள். பழையவள், மூச்சு வாங்குகிறவள். "இன்னொரு வழி இருக்கிறது. அந்தச் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டால் வாசலில் ஆள் இருக்காது. ஆள் இல்லாவிட்டால் இவன் யாரைப் பார்த்துக் கத்துவான்? என்னிடம் பழைய மிச்சம் கொஞ்சம் இருக்கிறது. நான் இந்த வீட்டுப் பேர் உள்ளவள், என்னை யாரும் கேட்க மாட்டார்கள். ரொம்ப நேரம் தாங்க மாட்டேன். அவர் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் தாங்குவேன்."

இது வாசலுக்கும் கேட்டது.

"நான் நிற்பதுதான் அந்தப் பெண்ணுக்கு இடைஞ்சல் என்றால் நான் போய்விடுகிறேன்" என்றான் சார்ஜர். சுவரிலிருந்து கழன்று விழப் பார்த்தான். நிறைமதி சுற்றிச் சுற்றி ஒட்டிய கறுப்பு டேப் அவனை விடவில்லை.

பிராசசர் ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். வே என்கிற எழுத்துக்கு உருவம் வந்துகொண்டிருந்தது.

கூடத்தில் கோதண்டம் திரையைப் படித்து முடித்திருந்தார். முழுவதையும் படித்தார். அவர் முகத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. திரை தணிகாசலத்தின் பக்கம் திரும்பியிருந்தது. வேறு யாருக்கும் தெரியாது. கண்ணால் படித்தது சபைக்குச் சேராது, காதில் விழுந்தால்தான் சொல் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்து, மாட்டியிருந்த சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பல்லி சத்தம் போட்டது.

"ஆஹா! பல்லி சொல்லிடுச்சு!" என்று கோதண்டம் கையைத் தட்டினார். "கேட்டீங்களா எல்லாரும்? சரியா சம்மதம் கேட்ட நேரத்துல சொல்லுது பாருங்க. இதுக்கு மேல ஒரு சகுனம் வேணுமா? எங்க அக்காவே வந்து சொன்ன மாதிரி இருக்குது. மாமா மனசும் அதான். தட்ட எடுங்க சம்மந்தி."

பெண்கள் பக்கம் சந்தோஷமாக ஒரு சலசலப்பு எழுந்தது. மாப்பிள்ளையின் அப்பாவுக்கும் காத்திருந்து கால் மரத்துப்போயிருந்தது. ஒரு மனிதனின் சொல்லுக்காகக் காத்திருக்க முடியாத சபை, பல்லியின் சொல்லை உடனே ஏற்றுக்கொண்டது.

தணிகாசலம் கையால் சைகை காட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். காட்டினார். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். கோதண்டம் அந்தக் கைகளைத் தன் கைகளுக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டார். "அழாதீங்க மாமா. பொண்ணக் குடுக்கற எல்லா அப்பனுக்கும் இப்படித்தான் இருக்கும்" என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. பார்த்தவர்களுக்குக் கண் கலங்கியது.

தட்டு மாறியது. இந்தப் பக்கத்துத் தட்டு அந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கத்துத் தட்டு இந்தப் பக்கம் வந்தது. அவ்வளவுதான். ஒரு பெண்ணின் வாழ்க்கையை முடிவு செய்ய அவ்வளவு நேரம்தான் ஆகிறது.

"சார், லைட்டுக்கு ஒரு பாயின்ட் வேணும்" என்றார் வீடியோக்காரர். யார் பதிலுக்கும் காத்திராமல், சுவரில் இருந்த கறுப்பு டேப்பைப் பிய்த்துச் சார்ஜரைப் பிடுங்கினார்.

வாசல்காரன் கத்துவதை நிறுத்தினான். உச்சவரம்பு அறுந்து விழுந்தது. "ஓடு!" என்றான் மேஸ்திரி, அதுவரை சொல்லாததைச் சொல்கிற மாதிரி. பிராசசர் பாய்ந்தான். விசிறி தூக்கம் கலைந்து சுழன்றது. குரல் கூடத்துக்குள் கொட்டியது.

"வேண்டாம். என் மகளுக்கு இதில் விருப்பம் இல்லை. என்னை மன்னியுங்கள். இத்தோடு நிறுத்திவிடுங்கள்."

தெளிவாக, உரக்க, அறுவைக்கு முந்தைய குரலில், வாக்கிய முடிவில் அந்தச் சின்ன இழுப்போடு வந்தது. யாருக்கும் எந்தச் சந்தேகமும் வர வழியில்லை. வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. துணித்திரையை விலக்கிக்கொண்டு நிறைமதி உள்ளறை வாசற்படிக்கு வந்தாள். அவள் முதலில் பார்த்தது அப்பாவை. அடுத்துப் பார்த்தது தட்டுகளை. எந்தத் தட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தாள்.

"அப்பா சொன்னதுதான் எனக்கும்" என்றாள்.

மாப்பிள்ளையின் அப்பா முகம் கறுத்துவிட்டது. "தட்டு மாத்தியாச்சேம்மா" என்றார். "எங்க வீட்டுத் தட்டு உங்க கையில இருக்குது. சபைன்னா வெளயாட்டா?"

ஆமாம், தட்டு மாத்தியாச்சு என்று நாலு பக்கமிருந்தும் சொன்னார்கள். அதை மறுக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கோதண்டம் எழுந்து, தணிகாசலத்தின் முன்னால் வந்து நின்றார். அவர் குரலில் அவ்வளவு வருத்தம் இருந்தது.

"இன்னா மாமா இது? இத முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நிறுத்தியிருக்கலாமே? அத்தினி பேரும் உங்க வாயத்தான பாத்துக்கினு இருந்தோம்!"

தணிகாசலம் மச்சானை நிமிர்ந்து பார்த்தார். தட்ட ஆரம்பித்தார். அவர் தட்டிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி தீர்ந்துபோகிறேன் என்று ஒரு சத்தம் கொடுத்தாள். சொன்ன வாக்கை அவள் காப்பாற்றிவிட்டாள். அதற்கு மேல் அவளால் ஆகவில்லை.

"அந்த லைட்டப் புடுங்கிட்டு சார்ஜரப் போடுங்கப்பா" என்றார் கோதண்டம், பெரிய மனதோடு. "மாமா பேசணும். அவரு வாய அடச்சிட்டோம்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது."

சார்ஜரைப் போட்டார்கள். மின்சாரம் வாசலுக்கு வந்து நின்றது.

"யார் நீ?" என்றான் வாசல்காரன். "எந்த வீடு?"

சார்ஜர் தலையைக் குனிந்துகொண்டான்.

"சூடு! சூடு!"

பிராசசரின் கால் மறுபடி தரையோடு ஒட்டிக்கொண்டது. மேஸ்திரி குச்சியைத் தூக்கினான், இறக்கினான். குரல் தன் சொற்களை மார்போடு அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றது.

பெரியவர் என்னவோ மனசு குழம்பிப் பேசிவிட்டார், வியாதிக்காரர்தானே என்று ஒருவர் ஆரம்பித்துவைத்தார். அதை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். கல்யாணத் தேதி குறித்தார்கள். இலை போட்டார்கள். பாயசம் நன்றாக இருந்தது என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். வண்டிகள் ஒவ்வொன்றாகத் தெருவை விட்டுப் போயின. கடைசி வண்டியில் ஒட்டிக்கொண்டு கோதண்டமும் போனார்.

கூடத்தில் மேசைமேல் தாடையை ஊன்றி, அவர்கள் வைத்துவிட்டுப் போன புதுப் புடவையில், நிறைமதி உட்கார்ந்திருந்தாள். அவள் காத்திருந்தாள். கடைசியில் வந்தது.

"முன்னாடியே சொன்னேன் மச்சான். நீ படிச்சே."

"கேட்டுச்சுப்பா" என்றாள் அவள்.

வாசலில், பேர் இல்லாத சார்ஜர் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருந்தான். உள்ளே எல்லோரும் அதை வாங்கிக் குடித்துக்கொண்டே இருந்தார்கள்.